டர்பனில் வார்சிட்டி முதல் வருடம்: லேப்டாப் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் மூத்த மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். கல்விக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு என்று பெரிய காரியங்களுக்கெல்லாம் ஆறு மாதம் முன்பிருந்தே ஓடினோம். கோட்டை விட்டது லேப்டாப்பில்தான். வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், மதிப்பெண் உள்ள ஒரு ஆன்லைன் குவிஸ் நடந்துகொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் ஒரு குவிஸ் போனது, ஒரு அசைன்மென்ட் தாமதமானது, கிட்டத்தட்ட ஒரு பாடமே கையை விட்டுப் போயிருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்து, பிள்ளையை இங்கே சேர்க்கப் போகிறவர்களுக்கானது இது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

நம் ஊர்க் கல்லூரியில் லேப்டாப் இல்லாமலும் ஒரு பிள்ளை படித்து முடித்துவிடலாம். நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே பாட ஸ்லைடு, பயிற்சிக் கேள்விகள், வகுப்பறை மாற்றம், அசைன்மென்ட் ஒப்படைப்பு, மதிப்பெண் எல்லாம் மூடில் என்ற இணையத்தளத்தில்தான் நடக்கின்றன. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அதற்கு ‘லேர்ன்’ என்று பெயர். உள்ளே இருப்பது மூடில்தான். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மூடில்தான். அதற்குள் நுழைய முடியாத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பாதி வகுப்பில்தான் இருக்கிறது.

நான்கு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் இவற்றை நமக்கும் தெரியும் என்று நினைத்தே பேசுவார்கள். வார்சிட்டி என்றால் பல்கலைக்கழகம். லேன் என்றால் மாணவர்களுக்கான கணினி அறை. டட் என்றால் சிறு குழுவாக உட்கார்ந்து கணக்கோ கேள்வியோ போட்டுப் பார்க்கும் பயிற்சி வகுப்பு. நான்காவதுதான் முக்கியம்: டிபி. பாடம் நடக்கும் காலம் முழுக்க வரும் குவிஸ், அசைன்மென்ட், டட் வருகை ஆகியவற்றில் குறைந்தபட்ச அளவை எட்டினால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். அந்தத் தகுதிக்குப் பெயர் டிபி. கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. லேப்டாப் பழுதானால் முதலில் அடிபடுவது டிபிதான்.

1. முதலில் பதிவு, அப்புறம் லேப்டாப்

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. தேர்வுகள் ஜூனிலும் நவம்பரிலும். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கடைகளில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி. பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, எந்தப் படிப்பு என்று தெரியாத நிலையில், விலை குறைவு என்பதற்காக நாங்கள் அன்று வாங்கினோம். எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்கியது.

சரியான வரிசை இது: சேர்க்கைக் கடிதம், பதிவு, மாணவர் எண், துறை கேட்கும் லேப்டாப் விவரம், அதற்குப் பிறகு கடை.

பதிவு பெரும்பாலும் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் நடக்கும். தைப்பூசக் காவடியும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். கோயில் வேலையில் இருப்பவர்கள் தேதிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது இந்நாட்டு அடையாள அட்டை, படிப்பு விசா, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் அதற்கு இங்கே பெற்ற சமநிலை ஆவணமும், மருத்துவக் காப்பீட்டுக் கடிதம், கட்டணம் செலுத்திய ரசீது, முகவரிச் சான்று. நகல்களுக்குச் சான்றொப்பம் கேட்பார்கள். அதற்கு வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாகச் சான்றொப்ப முத்திரை போட்டுத் தருவார்கள். மூலத்தைக் கையில் கொண்டு போக வேண்டும். முத்திரைத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும். எனவே பதிவுக்கு ஒரு வாரம் முன்பு போடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பதிவுப் படிவத்தில் எதிர்காலத் தேவையை யோசிக்காமல் இந்திய மொபைல் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு கடவுச்சொல் மாற்றவோ சரிபார்ப்புக்கோ வரும் குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குப் போகும். ரோமிங் இல்லாத சிம்மில் அது வந்து சேராது. இங்குள்ள எண்ணையே கொடுங்கள். அதுவும் பிள்ளையின் சொந்த எண்ணாக இருக்கட்டும்; அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் அவர் ஷிப்டில் இருக்கும் நேரத்தில் பிள்ளை வாசலில் நிற்கும்.

பதிவு முடிந்ததும் மாணவர் எண்ணும், பல்கலைக்கழக மின்னஞ்சலும் கிடைக்கும். அந்த மின்னஞ்சலை அன்றே திறந்து பார்க்க வேண்டும். பேராசிரியர்கள் எழுதுவது அதற்குத்தான். ஜிமெயிலுக்கு ஒன்றும் வராது.

2. எந்த மாதிரி லேப்டாப்

துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, முதல் வருடத்துக்கு என்ன மென்பொருள் தேவை என்று கேளுங்கள். பொறியியல், கட்டடக்கலை, கணினி அறிவியல் ஆகியவற்றுக்குக் கூடுதல் வேகம் வேண்டும். வணிகவியல், சட்டம், கலை, ஆசிரியப் பயிற்சிக்கு நடுத்தரமான ஒன்றே தாராளம்.

என் அனுபவத்தில் கீழ்க்கண்டவற்றுக்குக் கீழே இறங்காதீர்கள். ராம் 8 ஜிபி. கணினி அறிவியல் என்றால் 16. சேமிப்பு 256 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான வகையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11. வெப்கேம். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் இருந்தால் நல்லது, தினமும் முதுகில் சுமப்பது பிள்ளைதான்.

எஸ்எஸ்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வாங்கியதில் விலைச்சீட்டில் ‘சேமிப்பு 128 ஜிபி’ என்று மட்டும் இருந்தது. உள்ளே இருந்தது இஎம்எம்சி என்ற வகை. செல்போன் சேமிப்புக்கும் மெமரி கார்டுக்கும் உறவுக்காரன் மாதிரி. லேப்டாப்பில் பலகையோடு ஒட்டியே வரும், பின்னால் மாற்ற முடியாது. ராம் 4 ஜிபி. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்ததும் இடம் நிறைந்துவிட்டது. குவிஸ் நடுவில் திரை உறைந்ததும் இதனால்தான். விற்பனையாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “இது எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா?” பதில் தெரியாது என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

புதுப்பித்த பழைய லேப்டாப்புகளும் இங்கே நிறையக் கிடைக்கும். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய திங்க்பேட், லாட்டிட்யூட் போன்றவை உறுதியானவை. மலிவான புதியதை விட இவையே மேல் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு சோதனை. ஒன்று, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-இல் நிறுத்திவிட்டது. இன்டெல் சிப் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஐ5, ஐ7 என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தலைமுறை எத்தனை என்று கேளுங்கள். இரண்டு, பேட்டரி. சார்ஜரைக் கழற்றிவிட்டு கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். தெருவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ரசீது இல்லாமல் வருவதைத் தொடவே வேண்டாம். பழைய பொருள் விற்கும் கடைகள் பதிவு செய்திருக்க வேண்டும், விற்றவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது.

கடையில் கூடுதலாகத் தலையில் கட்டப் பார்ப்பவை: ஆஃபிஸ் மென்பொருள், வைரஸ் தடுப்பு, நீட்டித்த உத்தரவாதம். ஆஃபிஸை வாங்காதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு மாணவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பதிவு முடிந்ததும் முதலில் அதைச் சோதியுங்கள். வைரஸ் தடுப்புக்கு விண்டோஸில் கூடவே வருவது போதும்.

ஊரிலிருந்து வாங்கி வரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மின்னழுத்தம் அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான், சார்ஜர் எரியாது. ஆனால் பிளக் பொருந்தாது. நம் வீட்டு ஏசிக்கும் கிரைண்டருக்கும் வரும் பெரிய மூன்று உருளை முள் பிளக்தான் இங்கே வழக்கம். நம் சின்ன மூன்று முள் இதில் உட்காராது. புதிய கட்டடங்களில் இன்னொரு சிறிய வகை வேறு வந்துவிட்டது. அடாப்டர் மலிவுதான். கவலை உத்தரவாதத்தில். இந்தியாவில் மட்டும் செல்லும் உத்தரவாதம் என்றால் இங்கே பழுதானால் முழுச் செலவும் உங்களுடையது. உலக உத்தரவாதம் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்கி வாருங்கள்.

3. காசு கொடுப்பது எப்படி

நான் அலைந்து பார்த்த வரையில், மேலே சொன்ன தரத்தில் புதியது 9,000 முதல் 13,000 ரேண்ட் வரை. புதுப்பித்தது 5,000 முதல் 7,500 வரை. விலைச்சீட்டில் இருக்கும் தொகையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்தே இருக்கும். பில் போடும்போது தனியாகச் சேராது.

கையில் மொத்தக் காசு இல்லையென்றால் மூன்று வழி இருக்கிறது.

லேபை: கடைக்காரர் பொருளை எடுத்து வைத்துவிடுவார், நீங்கள் மாதாமாதம் கட்டி முடித்ததும் வீட்டுக்குக் கொண்டு போகலாம். வட்டி கிடையாது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ படிப்பு உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

தவணை: பொருள் இன்றைக்கே கிடைக்கும். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், அடையாள ஆவணம், முகவரிச் சான்று கேட்பார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பல இடங்களில் மறுப்பார்கள். பலகையில் ‘மாதம் 799 மட்டும்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 24 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள்: 19,176 ரேண்ட். அதே பொருளின் ரொக்க விலை 12,000 என்றால் 7,176 ரேண்ட் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதற்குள் கடன் காப்பீடும் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு நல்ல செய்தி: இந்த அளவு சிறிய கடனை அபராதம் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே அடைக்கலாம். மீதித் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

மொபைல் நிறுவன ஒப்பந்தம்: லேப்டாப்பும் டேட்டாவும் சேர்த்து 24 அல்லது 36 மாதம். மூன்றாவது வருடத்தில் லேப்டாப் தேய்ந்திருக்கும், தவணை ஓடிக்கொண்டிருக்கும். விசா அதற்கு முன்பே முடிகிறவர்கள் பக்கத்தில் போக வேண்டாம்.

இந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ள பிள்ளை என்றால், குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு உதவிக்கு விண்ணப்பியுங்கள். அதில் கற்றல் பொருட்களுக்கான தொகையும் உண்டு. லேப்டாப்பை அதன் வழியாகவே தரும் ஏற்பாடு உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்காமல் சொந்தக் காசைப் போடாதீர்கள். படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

4. வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். எங்களுக்கு வலித்த இடம் இதுதான்.

கடைச் சீட்டு வெப்பத்தாளில் அச்சடித்தது. நவம்பரில் வாங்கியதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தோம். டர்பன் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பிப்ரவரியில் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். கடைக்காரர், சீட்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எதிர்வீட்டு அக்கா ஒருவர், நான்காம் தலைமுறை டர்பன் தமிழர், பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘வா, உட்காரு, சாப்பிடு’ அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ் வரும். அவர்தான் வங்கி விவரத்தில் அன்றைய தேதியில் அந்தக் கடைக்குப் போன தொகையைக் காட்டச் சொன்னார். வங்கி அட்டையில் வாங்கியதால் தப்பித்தோம். நோட்டாகக் கொடுத்திருந்தால் எதையும் நிரூபித்திருக்க முடியாது.

எனவே: கடையை விட்டு வெளியே வருமுன் சீட்டைப் படம் எடுங்கள். பெட்டியில் உள்ள தொடர் எண்ணையும், லேப்டாப்பின் அடியில் உள்ள தொடர் எண்ணையும் படம் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மூன்று படங்களையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பெட்டியை ஆறு மாதம் வைத்திருங்கள்.

ஆறு மாதக் கணக்குக்குக் காரணம் இந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம். அதன் 56-ஆம் பிரிவின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். கடைக்காரர் அல்ல. பழுது பார்த்துத் தந்து, மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் கடை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். ‘ஏழு நாளுக்குப் பிறகு பழுது பார்ப்பு மட்டும்’ என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் சட்டம் அதைவிடப் பெரிது. எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்கள் நம்பிப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்து வந்தது, பத்து நாளில் மறுபடி உறைந்தது. அதன் பிறகு அக்கா சொல்லிக்கொடுத்தபடி சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினோம். பணம் முழுதாகத் திரும்பியது. முதல் நாளே எழுதியிருந்தால் மார்ச் மாதம் முழுக்கப் பிள்ளை லேனில் இடம் பிடிக்க ஓடியிருக்க வேண்டாம்.

கடை மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். அதற்கும் கடையோடு நடந்த எழுத்துப் பரிமாற்றம் வேண்டும். அதனால்தான் தொலைபேசியில் மட்டும் பேசி நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

குறை ஏதும் இல்லை, மனம் மாறிவிட்டது என்றால் கதை வேறு. கடைக்குப் போய் வாங்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. இணையத்தில் வாங்கியது என்றால் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. எது வேண்டும் என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு இணையத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

5. டேட்டா

சிம் வாங்க ரைகா என்ற சட்டப்படி பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், சிம் பிள்ளை பெயரில் என்றால், வீட்டில் இருப்பவர் என்று ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் கடிதத்தையும் கொண்டு போங்கள்.

வளாகத்துக்குள் எஜுரோம் என்ற வைஃபை இலவசம். மாணவர் எண்ணோடு பல்கலைக்கழக முகவரியையும் சேர்த்து முழுதாகப் பயனர் பெயராகப் போட வேண்டும். எண்ணை மட்டும் போட்டு, வேலை செய்யவில்லை என்று திரும்பி வரும் பிள்ளைகள் நிறைய. அதே கணக்கு எஜுரோமில் உள்ள மற்றப் பல்கலைக்கழகங்களிலும் செல்லும். கனமான கோப்புகள், பதிவு செய்த வகுப்புகள் எல்லாவற்றையும் வளாகத்திலேயே இறக்கிக்கொண்டு வரும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்துங்கள்.

வீட்டில் ஒரு மணி நேர வீடியோ வகுப்பு ஒரு ஜிபி வரை தின்றுவிடும். டேட்டா பேக் வாங்கும்போது ‘10+10’ ஜிபி என்று இருந்தால் இரண்டாவது பத்து நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லும் இரவு டேட்டாவாக இருக்கலாம். சிறிய எழுத்தைப் படியுங்கள். 2019 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பேக் தீர்ந்ததும் உங்கள் சம்மதம் இல்லாமல் அதிக விலையில் பணம் கழிக்கக் கூடாது. மீந்த டேட்டாவை அடுத்த காலத்துக்கு நீட்டிக்கவும் வழி தர வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு வரும் செய்தியில் அவசரத்தில் ‘ஆம்’ அழுத்திவிடாதீர்கள்.

ஃபைபர் இருக்கும் தெருவில் வீடு என்றால் மாதாமாத ஒப்பந்தமே எடுங்கள். பொருத்தும் கட்டணம் இலவசம் என்று சொல்லி, 12 மாதத்துக்குள் நிறுத்தினால் அதைக் கேட்பவர்கள் உண்டு.

6. மின்சாரம்

2023-இல் இருந்த மாதிரி தினமும் பல மணி நேர லோட் ஷெடிங் இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, மழை, துணை மின்நிலையப் பழுது என்று டர்பனின் பல பகுதிகளில் மின்சாரம் போகத்தான் செய்கிறது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. நாங்கள் 650 ரேண்டுக்கு வாங்கினோம், நான்கு மணி நேரம் தாங்குகிறது. ரவுட்டரின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள்.

மின்சாரம் போகும்போதை விடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. திடீர் மின்னழுத்தத்தில் சார்ஜர் போய்விடும், அது உத்தரவாதத்திலும் வராது. சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் ஒன்றை லேப்டாப்புக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

7. மூடிலில் முதல் வாரம்

மாணவர் எண் கிடைத்த பிறகும் மூடிலில் பாடங்கள் தெரிய இரண்டொரு நாள் ஆகலாம். ஒரு வாரம் ஆகியும் ஒரு பாடம் தெரியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பதிவுப் பட்டியலில் அந்தப் பாடம் விடுபட்டிருக்கும். பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் நேர மண்டலத்தை உடனே மாற்றுங்கள். பட்டியலில் ‘ஹராரே, பிரிட்டோரியா’ என்று இருப்பதுதான் நம்முடையது. இந்திய நேரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குவிஸ் நேரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் கோப்பு இருக்கும். அதில் டிபிக்கு என்ன தேவை, எந்தத் தேதியில் எந்தக் குவிஸ் என்று இருக்கும். அந்தத் தேதிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தால் அந்த நேரத்தில் யாரும் வேறு படம் ஓடவிட்டு இணையத்தை இழுக்க மாட்டார்கள்.

ஒப்படைக்கும் கட்டுரைகள் டர்னிட்டின் என்ற மென்பொருள் வழியாகப் போகும். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியது தெரிந்துவிடும். சாட்ஜிபிடி போன்றவற்றை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். பாடத்திட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்து, எழுதியிருக்காவிட்டால் பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். இங்கே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

8. திருட்டும் காப்பீடும்

லேப்டாப் பை என்று பார்த்தாலே தெரிகிற பையைத் தவிருங்கள். பள்ளிப் பை மாதிரி சாதாரணமானதே நல்லது. மினிபஸ் டாக்ஸியில் அதை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் அடுக்க வேண்டாம். நூலகத்தில் கழிவறைக்குப் போனாலும் கூடவே எடுத்துப் போக வேண்டும். சில வளாகங்களில் வாயில் காவலர்கள் தொடர் எண்ணைக் கேட்கலாம். அந்தப் படம் பிள்ளையின் போனிலும் இருக்கட்டும்.

வீட்டுப் பொருள் காப்பீடு இருக்கிறது, அது போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டை விட்டு வெளியே போகும் பொருளை ‘ஆல் ரிஸ்க்’ என்ற தலைப்பில் தொடர் எண்ணோடு தனியாகச் சேர்க்க வேண்டும். காரில் வைத்துத் திருடு போனால் கதவை உடைத்த அடையாளம் வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துக் கார் பூட்டாமலே இருக்கச் செய்யும் திருடர்கள் மால் வண்டி நிறுத்துமிடங்களில் உண்டு. பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திருடு போனால் காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்காமல் காப்பீடு நகராது.

9. குவிஸோ தேர்வோ தவறினால்

ஒப்படைப்பு பெரும்பாலும் இரவு 11:59 என்று இருக்கும். அதை மாலை 6 மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தளம் திணறும். ஏற்றியதும் வரும் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். எல்லா வேலையையும் ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு ஒன்றில் சேமித்தால் லேப்டாப் போனாலும் லேனில் உட்கார்ந்து தொடரலாம். என் மகளின் முதல் அசைன்மென்ட் அந்த உறைந்த லேப்டாப்புக்குள்ளேயே ஐந்து வாரம் கிடந்தது.

யூனிசா என்ற தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குத் தேர்வே பெரும்பாலும் வீட்டிலிருந்து இணையத்தில்தான். பல பாடங்களுக்கு இன்விஜிலேட்டர் என்ற கண்காணிப்புச் செயலியைப் போனிலும் ஓடவிட வேண்டும். போன், லேப்டாப் இரண்டுமே முழுச் சார்ஜில் இருக்க வேண்டும் என்று பொருள். செயலியைத் தேர்வன்று இறக்காதீர்கள், முந்தின வாரமே மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கருவி பழுதாகி ஒரு குவிஸ் போய்விட்டால், அன்றே அந்தப் பாடத்தின் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். கூட இணைக்க வேண்டியவை: திரை உறைந்ததைப் போனில் எடுத்த படம், கடை கொடுத்த பழுதுபார்ப்புச் சீட்டு, காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்திட்ட அஃபிடவிட். அஃபிடவிட்டுக்கும் காசு இல்லை, அரை மணி நேரம் ஆகும். எங்கள் மகள் நான்கு நாள் தாமதமாகத்தான் எழுதினாள், முதலில் மறுத்துவிட்டார்கள். மூன்று ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்கு நேரில் போன பிறகு இன்னொரு தேதி கொடுத்தார்கள். அந்தக் குவிஸில் வாங்கிய மதிப்பெண்ணோடுதான் டிபி எல்லையைத் தாண்டி ஜூனில் தேர்வு எழுதினாள்.